நான் திறந்த வால்வு

எட்டாவது வரைக்கும் படித்தேன். ஒன்பதாவதில் சேர்ந்தேன், போகவில்லை. அப்பா வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். வீட்டில் யாராவது ஒருவர் சம்பாதிக்க வேண்டியிருந்தது.

துணிக்குச் சாயம் போடுகிற கம்பெனியில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். அதில் பன்னிரண்டு வருஷம் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற பிளான்ட்டில் ஆபரேட்டர். பிளான்ட் கம்பெனியின் கடைசியில், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இருக்கும். சாயம் போடுகிற இடத்திலிருந்து தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து விழும். இன்றைக்கு என்ன கலர் ஓடுகிறது என்று உள்ளே போய்க் கேட்க வேண்டாம். வாய்க்காலைப் பார்த்தால் போதும். ஒரு நாள் கருநீலம், ஒரு நாள் சிவப்பு. சுண்ணாம்பும் படிகாரமும் போட்டு அழுக்கை அடியில் தங்கவைக்க வேண்டும். மேலே தெளிந்த தண்ணீரைக் காற்று ஊதுகிற தொட்டிக்கு விடவேண்டும். அந்தத் தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் இருக்கின்றன. மிச்ச அழுக்கை அவைதான் தின்னும். சாயம் அதிகமாக வந்துவிட்டால் பூச்சி செத்துப்போகும். அப்புறம் சாணியும் வெல்லமும் கரைத்து ஊற்றி மறுபடி வளர்க்க வேண்டும். வளர இருபது நாளாவது ஆகும்.

ஒரு ஷிப்ட்டுக்கு ஓர் ஆள். எட்டு மணி நேரம் மோட்டார் சத்தம்தான். பேச்சு கிடையாது. கேன்டீனில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். உடம்பில் வாடை. அவர்கள் மேல் தப்பு இல்லை. நானே ஜன்னல் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்வேன்.

என் மனைவி என் மாமா மகள். பி.காம். முடித்தவள். பெண் கேட்டபோது மாமா ஒன்றுதான் சொன்னார்.

“அது மேல படிக்கணுங்குது. நீ தடுக்கக்கூடாது.”

“சரி மாமா.”

கல்யாணமான மூன்றாம் நாள் அவளே கேட்டாள்.

“அன்னிக்கு சரின்னீங்களே, அது எங்க அப்பாவுக்கு சொன்னதா, எனக்கு சொன்னதா?”

“உனக்குத்தான்.”

“அப்ப சரி.”

இரண்டு வருஷம் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்தாள். அப்புறம் பரீட்சை எழுதி எம்.பி.ஏ.வில் சேர்ந்தாள். தினமும் கல்லூரிக்குப் போகவேண்டும். மூலக்குளத்தில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. நான் மாடிப் படியில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பதைப் பார்த்தால் விடமாட்டார். சாரை முசே என்பார், மேடத்தை மதாம் என்பார்.

“என்னா முசே, மதாம் காலேஜுக்கு, நீ அடுப்புக்கா?”

“ஆமாங்க.”

“பிரான்ஸ்ல இப்படித்தான்பா. ஆனா அங்க வெங்காயத்துக்கு மெஷின் இருக்கும்.”

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. என் சித்தப்பா வீட்டில் சொன்னதில் இருந்தது. “படிக்க வச்சா பறந்துடுவா, பாத்துக்க” என்றார்கள்.

எனக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். அவள் வரும்போது நான் இருக்க மாட்டேன். நான் வரும்போது அவள் படுத்திருப்பாள், இல்லாவிட்டால் கிளம்பியிருப்பாள். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி வைப்போம். “ரசம் இருக்கு, சூடு பண்ணிக்குங்க.” “கேஸ் வந்துச்சு.” “நாளைக்கு பரீட்சை.” அவள் எழுத்து சின்னதாக, நேராக இருக்கும். என் எழுத்து தாளுக்கு வெளியே போய்விடும். அந்த இரண்டு வருஷம் நாங்கள் பேசியதைவிட எழுதியது அதிகம் என்று நினைக்கிறேன்.

அவள் கூடப் படித்தவர்கள் பேங்க், விற்பனை என்று போனார்கள். அவள் வேறு பக்கம் போனாள். அது ஆரம்பித்த நாள் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேரும் வீட்டில் இருந்தோம். துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

“வெள்ளிக்கிழமை கிளாஸ்ல ஒரு சார் கேட்டாரு. கம்பெனில யூஸ் பண்ற தண்ணி கடைசில எங்க போவுது, யாருக்காவது தெரியுமான்னு. ஒருத்தரும் கை தூக்கல. நான் தூக்கினேன்.”

“என்னா சொன்ன?”

“நீங்க பண்றதைத்தான். சுண்ணாம்பு, படிகாரம், பூச்சி. பூச்சிக்கு சாணி போடுவாங்கன்னேன். கிளாஸே சிரிச்சிடுச்சு.”

“சாரு?”

“அவரு சிரிக்கல. எவ்ளோ சாணின்னு கேட்டாரு.”

அன்றைக்கு அவள் என்னை நிறையக் கேட்டாள். ஒரு சட்டைத் துணிக்கு எத்தனை பக்கெட் தண்ணீர் போகும்? பாய்லருக்கு எவ்வளவு விறகு? அடியில் தங்குகிற சேற்றை எங்கே கொண்டு போகிறார்கள்? பாதிக்குத்தான் எனக்குப் பதில் தெரிந்தது. ஒரு கம்பெனி எவ்வளவு தண்ணீர் இழுக்கிறது, எவ்வளவு எரிக்கிறது, எவ்வளவு குப்பை தள்ளுகிறது, அதை எப்படிக் குறைப்பது என்று போய்ப் பார்த்துச் சொல்வதற்கு ஆட்கள் இருக்கிறார்களாம். அதுவே ஒரு வேலையாம். சஸ்டெய்னபிலிட்டி கன்சல்டிங் என்று பெயர். எனக்குச் சொல்ல வரவில்லை. இரண்டு நாள் பிளான்ட்டில் மோட்டார் சத்தத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அவள் கல்லூரியில் ஒரு விழாவுக்கு வீட்டு ஆட்களைக் கூப்பிட்டிருந்தார்கள். சோப்பு போட்டு இரண்டு தடவை குளித்துவிட்டுப் போனேன். அவள் சிநேகிதி ஒருத்தி என்னிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். என் மனைவி முந்திக்கொண்டு, “வாட்டர் ட்ரீட்மென்ட்ல இருக்காரு” என்றாள். அந்தப் பெண், “ஓ, இன்ஜினியரா சார்?” என்றது. நான் அவளைப் பார்த்தேன். அவள் மேடையைப் பார்த்தாள். அவளும் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை. விழா முடிகிற வரைக்கும் அந்தப் பெண் என்னை சார் என்றே கூப்பிட்டது.

இரண்டாம் வருஷம் ஏதாவது ஒரு கம்பெனிக்குப் போய் ஆராய்ச்சி பண்ணி ரிப்போர்ட் எழுதவேண்டும். சென்னையில் அந்த மாதிரி வேலை செய்கிற ஓர் ஆபீஸ் அவள் வகுப்பில் மூன்று பேரை எடுத்துப் பார்த்தது. மூன்று பேரும் ஆளுக்கு ஒரு கம்பெனியில் தண்ணீர்க் கணக்கு எடுக்கவேண்டும். ரிப்போர்ட் நன்றாக இருந்தால் அங்கேயே வேலை. எத்தனை பேரை எடுப்பார்கள் என்று சொல்லவில்லை. ஒருவராகவும் இருக்கலாம்.

அவளுக்குக் கம்பெனி கிடைக்கவில்லை. ஏழெட்டு கேட்டில் நின்றுவிட்டு வந்தாள். தண்ணீர் என்றாலே செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. ஒரு நாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் மேனேஜரிடம் நான் கேட்டேன். பன்னிரண்டு வருஷத்தில் அவரிடம் எனக்காக எதுவும் கேட்டதில்லை. அவர் கொஞ்சம் யோசித்தார். வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிறவர்கள் இந்த மாதிரி ரிப்போர்ட் கேட்கிறார்களாம்.

“உங்க வீட்டம்மாதானே? வரட்டும். நீயே கூட இருந்து பாத்துக்க” என்றார்.

அவள் வருகிற நாட்களில் எனக்குக் காலை ஷிப்ட் என்று போட்டுக் கொடுத்தார்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். பிளான்ட்டுக்குப் பின்னால் ஒரு பழைய போர்வெல் இருக்கிறது. தோட்டத்துக்குப் போட்டது. அதிலிருந்து ஒரு குழாய் எங்கள் கடைசித் தொட்டிக்கு வருகிறது. யார் போட்டது என்று தெரியாது, நான் சேரும்போதே இருந்தது. வெளியிலிருந்து யாராவது தண்ணீரைச் சோதிக்க வந்தால் காலையிலேயே அந்த வால்வை அரைச் சுற்று திறந்துவிடுவோம். நல்ல தண்ணீர் கலந்து கலர் வெளுத்துவிடும். வாடையும் குறையும். அதற்கு எங்களுக்குள் தீர்த்தம் விடுவது என்று பெயர். அவர்கள் போன பிறகு மூடிவிடுவோம். எனக்கு முன்னால் இருந்தவர் செய்தார், நானும் செய்தேன். யாரும் உத்தரவு போட்டதில்லை. நாங்கள் பேசிக்கொண்டதும் இல்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் வாசல் பெருக்குவது மாதிரிதான்.

அவள் முதல் முதலாக வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மஞ்சள் ஹெல்மெட் கொடுத்திருந்தார்கள், தலைக்குப் பெரிதாக இருந்தது. கையில் நோட்டு, பையில் பாட்டில்கள்.

“இந்தத் தொட்டி பேரு என்னாங்க?” என்றாள், தெரியாதவள் மாதிரி.

“இது செட்லிங் டேங்க்குங்க மேடம்” என்றேன்.

இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். சிரிப்பு வந்துவிட்டது.

செவ்வாயும் வெள்ளியும் வந்தாள். ஒன்பது மணிக்கு வந்தால் ஒன்றரைக்குப் போவாள். வந்ததும் மீட்டர் பார்ப்பாள், போகும்போது மீட்டர் பார்ப்பாள். உள்ளே வருகிற தண்ணீருக்கு ஒரு மீட்டர், வெளியே போகிற தண்ணீருக்கு ஒரு மீட்டர். நடுவில் பாட்டிலில் தண்ணீர் பிடித்துத் தேதி எழுதி ஒட்டுவாள். ஏன், எதற்கு, எப்போது என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அந்த இடத்தில் அத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் அவ்வளவு பேசியது இல்லை. அடுத்த ஷிப்ட்டுக்கு வருகிற அண்ணன் ஒரு நாள் சீக்கிரமே வந்துவிட்டார்.

“அம்மா, எழுதிக்குங்க. பூச்சிக்குன்னு குடுக்கற வெல்லத்துல பாதிய உங்க வீட்டுக்காரரு டீல போட்டுக்கறாரு.”

“அதான் வீட்ல டீயே கேக்கறதில்லையா?” என்றாள்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறரைக்கே நான் பின்பக்கம் போய் வால்வைத் திறந்துவிடுவேன். அவள் போனதும் மூடுவேன். அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. தண்ணீர் நன்றாக இருந்தால் ரிப்போர்ட் நன்றாக இருக்கும். ரிப்போர்ட் நன்றாக இருந்தால் அவளுக்கு வேலை. அவ்வளவுதான் என் கணக்கு. நான்கு வாரம், எட்டு தடவை.

லேபிலிருந்து தாள் வந்தது. அவள் வாசித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“ஏங்க, உங்க பிளான்ட்டு எவ்ளோ நல்லா ஓடுது தெரியுமா? பெரிய பெரிய கம்பெனில கூட இப்படி வராதாம்.”

என் வேலையை நல்லது என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மறுநாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வைத்திக்குப்பம் போனேன். படகு வந்திருந்தது. நல்ல சங்கரா மீன் வாங்கி வந்து குழம்பு வைத்தேன். அவள் இரண்டு தடவை போட்டுக்கொண்டாள். நானும் நன்றாகவே சாப்பிட்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்புறம்தான் அவள் தண்ணீர்க் கணக்கைப் போட உட்கார்ந்தாள். உள்ளே இவ்வளவு வந்தது, ஆவியாக இவ்வளவு போனது, சேற்றில் இவ்வளவு போனது, மிச்சம் வெளியே இவ்வளவு. உள்ளே வந்ததைவிட வெளியே போவது எப்போதும் குறைவாகத்தான் இருக்கவேண்டும். அவள் கணக்கில் அதிகமாக வந்தது. எட்டு நாளும் அதிகமாக வந்தது. கூட்டல் தப்பு என்று மறுபடி போட்டாள். கம்ப்யூட்டரில் போட்டாள். கையால் போட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் சென்னை ஆபீஸ்காரர் வீடியோவில் வந்தார். மூன்று பேரும் அவருக்குக் காட்டவேண்டும். நான் சமையலறையில் இருந்தேன். கதவு சாத்தவில்லை. அவள் இங்கிலீஷில் பேசினாள், நடுவில் அவர் நிறுத்தினார். தமிழில் கேட்டார்.

“ஏம்மா, உங்க கம்பெனில தண்ணி குட்டி போடுதா?”

மற்ற இரண்டு பேரும் சிரித்தது கேட்டது. அவள், “செக் பண்றேன் சார்” என்றாள். அடுத்த திங்கட்கிழமைக்குள் சரிபண்ணி அனுப்பவில்லை என்றால் ரிப்போர்ட் வேண்டாம் என்று அவர் சொன்னார். இருபது மாதம் படித்த படிப்பு அந்த ஒரு கணக்கில் நின்றது.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, துடைத்தேன். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஞாயிறு போனது. திங்கள், செவ்வாய் போனது. வேலை போய்விடும் என்று பயமா என்றால், இல்லை. மேனேஜருக்குப் பயந்தேனா, அதுவும் இல்லை. பிளான்ட்டு நல்லா ஓடுது என்று அவள் சொன்னாளே. உண்மையைச் சொன்னால் அது போய்விடும். நான்கு நாள் அதை வைத்துக்கொண்டு இருந்தேன்.

அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தரை முழுக்கத் தாள். நான் தாண்டித் தாண்டி நடந்தேன். காலண்டர் தாளில்கூட எழுதுவதை விட்டுவிட்டாள்.

புதன்கிழமை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்தேன். தட்டைப் போட்டாள். எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“மீட்டரு ரிப்பேருன்னு எழுதிடலாம்னு இருக்கேங்க. வேற வழி தெரியல.”

“மீட்டரு நல்லாத்தான் இருக்குது.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“வாராவாரம் நான்தானே கழட்டிக் கழுவறேன்.”

“அப்ப அந்தத் தண்ணி எங்கேர்ந்துதான் வருது?”

“நான் வுட்டேன்.”

அவளுக்குப் புரியவில்லை. பழைய போர், குழாய், வால்வு எல்லாம் சொன்னேன். தீர்த்தம் என்று நாங்கள் சொல்வதையும் சொன்னேன். அவள் கையில் தண்ணீர்ச் சொம்பு இருந்தது. அதைக் கீழே வைத்தாள்.

“எத்தினி நாளு?”

“எட்டு நாளும்.”

“மேனேஜரு சொன்னாரா?”

“யாரும் சொல்லல.”

“அப்ப ஏன்?”

“ஆளு வந்தா வாசல் பெருக்கறதில்லையா? அப்படித்தான். உனக்கு நல்லாருக்கட்டும்னு.”

“நான் ஆளாங்க?” என்றாள்.

சோறு ஆறிவிட்டது. அவள் எழுந்துபோய் முகம் கழுவினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

மறுநாள் சாயங்காலம் அவளே சென்னைக்குப் போன் பண்ணினாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஆபரேட்டர் என் வீட்டுக்காரர் என்றும் சொன்னாள், நான் கேட்டேன். அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னார் என்று தெரியாது. இரண்டு வாரம் கொடுத்தார். வேலை பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது, மற்ற இரண்டு பேர் ரிப்போர்ட் வந்துவிட்டது என்றாராம்.

வெள்ளிக்கிழமை வந்தாள். நேராகப் பின்பக்கம் போனாள். வால்வை இறுக்கி மூடச் சொன்னாள், மூடினேன். பையிலிருந்து கம்பி எடுத்து, வால்வின் கைப்பிடியையும் குழாயையும் சேர்த்துச் சுற்றினாள். கம்பி தடிமன். முறுக்க வரவில்லை. குறடை நான்தான் கொடுத்தேன். முறுக்கி, மேலே ஒரு தாள் ஒட்டி, அதில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டாள். அப்புறம் போனில் படம் எடுத்தாள். என் மேல் நம்பிக்கை இல்லாமல் பண்ணவில்லை, முறை அப்படி என்று சொன்னாள். எனக்குத் தெரியும் என்றேன்.

அந்த இரண்டு வாரமும் அவள் தொட்டியின் பெயரைக் கேட்கவில்லை. நான் மேடம் என்று சொல்லவில்லை. பாட்டிலைப் பிடித்தாள், மீட்டரைப் பார்த்தாள், போனாள். அடுத்த ஷிப்ட் அண்ணன்கூட ஏதோ இருக்கிறது என்று தெரிந்துகொண்டு தூரமாகவே நின்றார்.

இப்போது கணக்கு நேராக வந்தது. தண்ணீர் நேராக வரவில்லை. லேப் தாளில் எல்லாம் அதிகம். அவள் என்னை உட்காரவைத்துக் கேட்டாள். காற்று ஊதுகிற இரண்டு ப்ளோயரில் ஒன்று இரண்டு வருஷமாக ஓடவில்லை என்றேன். பூச்சிக்குக் காற்று பத்தவில்லை என்றேன்.

“சொன்னீங்களா மேல?”

“நாலு தடவ சொன்னேன்.”

“எழுதிக் குடுத்தீங்களா?”

“எழுதல.”

அதையும் எழுதிக்கொண்டாள்.

ரிப்போர்ட் முடிந்ததும் மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் புரட்டினேன். இங்கிலீஷ் எனக்கு வாசிக்க வராது. ஆனால் ஒரு வார்த்தை தெரியும். என் அடையாள அட்டையில் என் பெயருக்குக் கீழே இருக்கிற வார்த்தை. ஆபரேட்டர். அது ஒரே பக்கத்தில் மூன்று இடத்தில் இருந்தது. அவள் தலை துவட்டிக்கொண்டு வந்தாள்.

“இதுல என்னா எழுதியிருக்க?”

அவள் மறைக்கவில்லை. “முதல்ல எடுத்த எட்டு நாள் தண்ணி செல்லாது. ஆபரேட்டர் வெளித் தண்ணிய கலந்துட்டாருன்னு எழுதியிருக்கேன். பேரு போடல.”

“மூணு பேரு இருக்கோம் அங்க. எந்த ஆபரேட்டர்னு போடு.”

“வேணாங்க.”

“அந்த அண்ணனுக்கு ரெண்டு பொண்ணு. காலை ஷிப்ட்டுன்னு போடு.”

அவள் நின்றுகொண்டே இருந்தாள். அப்புறம் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். ஒரு வார்த்தைதான் சேர்த்திருப்பாள். அதற்கு ரொம்ப நேரம் ஆனது.

கம்பெனிக்கு ஒரு காப்பி கொடுக்கவேண்டும் என்பது பேச்சு. கொடுத்தாள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

“உன் பொண்டாட்டிக்கு வழி விட்டேன் பாரு, எனக்கு வேணும்.”

“தப்பு என்னுதுங்க.”

“அத எழுதிட்டாங்களே, நீ வேற சொல்லணுமா?”

என்னைத் துணி கோடவுனுக்கு மாற்றினார்கள். வேலையை விட்டு எடுக்கவில்லை. எடுத்தால் ரிப்போர்ட் வெளியே போகும் என்று நினைத்திருக்கலாம். பிறகு துணி வாங்குகிறவர்கள் யாரோ வரப்போகிறார்கள் என்று பழைய போர் குழாயை அறுத்து எடுத்தார்களாம். புது ப்ளோயர் வாங்கி வைத்தார்களாம். இரண்டையும் நான் பார்க்கவில்லை. அந்த அண்ணன் சொன்னார். “பூச்சி ஜோரா வளருதுபா, நீ பாக்கணும்” என்றார். ஒரு தடவை போய்ப் பார்க்கலாம் என்றிருந்தேன். கோடவுன் ஆள் அங்கே போக வேலை இல்லை.

கோடவுனில் வாடை கிடையாது. கேன்டீனில் பக்கத்தில் வந்து உட்காருகிறார்கள். எனக்கு என்ன பேசுவதென்று தெரிவதில்லை.

சென்னையிலிருந்து ஒரு மாதம் எதுவும் வரவில்லை. மற்ற இரண்டு பேரில் ஒருவனை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. அவள் மறுபடி ஆடிட்டர் ஆபீசுக்கே போகலாமா என்று கேட்டாள். நான் பொறு என்றேன். வேறு என்ன சொல்வது? ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் மாடிப் படியில் உட்கார்ந்திருந்தேன். அவள் கீழிருந்து ஏறி வந்தாள், போன் கையில்.

“எடுத்துட்டாங்க.”

“எப்போ சேரணும்?”

“ஒண்ணாந் தேதி.”

அந்த ஆபீஸ்காரர் என்ன சொன்னார் என்று கேட்டேன். தன் எட்டு நாள் வேலை செல்லாது என்று எழுதுகிறவர்களைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னாராம். அவள் இதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கீழே வீட்டுக்காரர் வாசலில் இருந்தார்.

“என்னா முசே, நல்ல சேதியா?”

“ஆமாங்க. மதாமுக்கு வேல கெடச்சிடுச்சி.”

“ப்ராவோ! அப்ப உனக்கு சமையல் வேல போச்சா?”

“ஆமாங்க” என்றேன்.

ஒன்றாம் தேதிக்கு முந்தின நாள் காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். இரண்டு பை, ஒரு பக்கெட். பக்கெட் அங்கே வாங்கிக்கலாம் என்றாள், நான்தான் எடுத்துக்கொண்டேன். சென்னை பஸ் இரண்டு போய்விட்டது. கூட்டம் என்று ஏறவில்லை. மூன்றாவது வரும் வரைக்கும் நின்றோம்.

“நீங்களும் வந்துடுங்களேன்” என்றாள்.

“அங்க எனக்கு என்னா வேல?”

பை ஜிப்பைத் திறந்து எதையோ தேடினாள், மூடினாள். இன்னொரு தடவை கேட்பாள் என்று நின்றேன். கேட்டிருந்தால் போயிருப்பேனோ என்னவோ. பஸ் வந்தது. பக்கெட்டை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன்.

இரண்டு வருஷம் ஆகிறது. முதலில் வாராவாரம் வந்தாள். இப்போது மாதம் ஒரு தடவை, சில மாதம் அதுவும் இல்லை. ஊர் ஊராகக் கம்பெனி கம்பெனியாகப் போகிறாள். சண்டை எதுவும் இல்லை. வால்வு விஷயத்தை நாங்கள் மறுபடி பேசியதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போன் பண்ணுவாள். எந்த ஊருக்குப் போனாள், அங்கே பாய்லர் எப்படி, தண்ணீர் எப்படி என்று சொல்வாள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். கடைசியில் கேட்பாள்.

“என்னா சமையல்?”

“மீன் கொழம்பு” என்பேன்.

பெரும்பாலும் அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டேன். கடையில் இரண்டு இட்லி வாங்கித் தின்றிருப்பேன். அவளுக்குக் கவலை வேண்டாம் என்று சொல்வது. ஒரு பதில் வந்தால் அதோடு விடாமல் இரண்டாவது கேள்வி கேட்பதுதான் அவள் தொழில். என்ன மீன், எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டால் நான் மாட்டிக்கொள்வேன். என்னிடம் அவள் கேட்பதில்லை.

“சரிங்க, சாப்பிடுங்க” என்று வைத்துவிடுகிறாள்.